பன்னிரண்டு வெள்ளைத் துணிகள் போன வழி

கல்லடி, மட்டக்களப்பு.
திகதி: டிசம்பர் 09

அன்பின் மருமகள் தனுஷியாவுக்கு, மாமா கனகசிங்கம் எழுதுவது.

விடயம்: காலஞ்சென்ற உன் தகப்பனாரின் வெள்ளைப் படங்கள் (12) – அனுப்ப இயலாமை

மேற்படி விடயம் தொடர்பாக நீ அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. நானும் உன் மாமியும் மூன்று தரம் கேட்டோம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நீ "அப்பா" என்று சொன்ன இடத்தில் மாமி போனை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இங்கு அவளுக்கு முழங்கால், எனக்குச் சீனி வருத்தம், வீட்டுக்கு ஒழுக்கு. இவை தவிர்ந்த ஏனைய அனைத்தும் சுகம். பதிலையும் குரலிலேயே அனுப்பச் சொன்னாள் மாமி. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு வாயால் விளக்கம் கொடுத்துப் பழக்கமில்லை. ஆகவே இக்கடிதம்.

கடைசி இரண்டு வருடமாக அப்பா உனக்காகப் பன்னிரண்டு வெள்ளைப் படங்கள் செய்தார் என்று கொழும்பு ஓவியக்கூடத்துப் பெண் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். "அப்பா எனக்கு என்ன சொன்னாரெண்டு அதிலதான் மாமா இருக்கும், அனுப்புங்க" என்று நீ கேட்கிறாய். பிள்ளை, சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அவை இல்லை. பன்னிரண்டும் போய்விட்டன. பொறுப்பு முழுவதும் என்னுடையது.

உன் அப்பா ஞானசீலன் எனக்கு நாற்பது வருட மச்சான். அந்த நாற்பது வருடத்தில் அவருடைய ஒரு படமாவது எனக்கு விளங்கியது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சியம். வாவியில் தடி நட்டு, தடியில் படங்களைக் கட்டி, இரண்டு மாதம் தண்ணீருக்குள் ஊறப்போட்டார். மிச்சத்தை நண்டும் பாசியும் வரையும் என்றார். வரைந்தனவோ இல்லையோ, அதில் பெரிய படத்தை இறால் பிடிக்கிற ஒருவர் கழற்றிக்கொண்டுபோய்த் தோணிக்குக் கூடாரம் போட்டுவிட்டார். நான் பொலிசுக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டு போனேன். உன் அப்பா கரையில் நின்று அந்தக் கூடாரத்தைப் பார்த்து, "இப்பதான் மச்சான் படம் முடிஞ்சிரிக்கி" என்றார். கவியரங்கில் இவருடைய முறை வந்தபோது மேடையில் ஏறிப் பதினொரு நிமிடம் வாயே திறக்காமல் நின்றார். அதுதான் கவிதையாம். முன்வரிசையில் இருந்த நான் மைக் பழுது என்று நினைத்து ஆள் கூப்பிட ஓடினேன். பிறகு கல்லடியிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் ஒவ்வொரு வீட்டு மதிலிலும் ஒரு சொல்லாக ஒரு கவிதையை எழுதினார். மதில்காரர்களிடம் மன்னிப்புக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் உன் அம்மா செத்த அன்று, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழாமல், அவள் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். நீ அந்தப் பலகையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, "இனி எனக்கு அப்பா இல்ல" என்று கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாய். உன் பக்கம்தான் நியாயம் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். நீ எறிந்ததை அவர் எடுக்கவும் இல்லை, அதன் பிறகு வர்ணம் வாங்கவும் இல்லை. கடைசி இரண்டு வருடமாகக் காத்தான்குடியில் அப்துல் கபூர் கடையில் வெள்ளைத் துணி வாங்குவார். அரிசிக் கஞ்சியும் சுண்ணாம்பும் கலந்து அதில் ஏதோ கீறுவார். காய்ந்ததும் ஒன்றும் தெரியாது. மடித்து றங்குப்பெட்டியில் வைப்பார். என்ன இது என்று கேட்டால், "இன்னும் பேசல்ல" என்பார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தேத்தண்ணிக் கோப்பையை வைத்தவர் அப்படியே சாய்ந்தார். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எந்தச் சாவும் நல்லதாகப் படவில்லை.

செத்த வீட்டில் முகட்டுக்குக் கீழே வெள்ளை கட்ட வேண்டும் என்பது உனக்கு நினைவிருக்கும். முன்பு அதற்கு ஆட்கள் துணியோடு வருவார்கள். இப்போது நாமேதான் தேடிக் கட்ட வேண்டும். "வெள்ள கட்டாம வெச்சிருந்தா ஊர் என்னங்க சொல்லும்? என்ட தம்பி அநாதையா?" என்று மாமி கத்துகிறாள். காத்தான்குடிக்குப் போனால் ஜும்ஆத் தொழுகை நேரம், கடைகளெல்லாம் பூட்டு. திரும்பி வந்து றங்குப்பெட்டியைத் திறந்தேன். துவைத்து மடித்தது போலப் பன்னிரண்டு துணி. பெட்டியில் வேறொன்றும் இல்லை. தன் செத்த வீட்டுக்குத் தானே துணி வாங்கி வைத்த மனிதன் என்று முதன்முதலாக அவரை மெச்சினேன். எட்டை முகட்டில் கட்டினேன். இரண்டைக் கேற்றிலிருந்து வாசல் வரை விரித்தேன், ஊரே மிதித்தது. ஒன்றை அவர் மேல் போர்த்தினேன், அது அவரோடு குழிக்குள் போனது. மிச்சம் ஒன்றை அடுப்படிப் பெண்கள் கிழித்துத் தேத்தண்ணி வடித்தார்கள். தேத்தண்ணியில் கஞ்சி மணக்கிறது என்று இரண்டு பேர் குறை சொல்லிவிட்டு மறுபடியும் வாங்கிக் குடித்தார்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நீ சுவிசிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். வீடியோக்கார இர்ஷாத், "கரண்ட் போயிட்டு சேர், லைனும் போயிட்டு" என்றது அந்த நேரம்தான். உனக்குத் திரை கறுத்த பிறகு நடந்ததைத்தான் இனி எழுதுகிறேன்.

நம் கூரை உனக்குத் தெரியும். ஓட்டுக்கு ஓடு ஒழுகும். வெள்ளை நனைந்தது. ஜும்ஆ முடித்து வந்து வாங்குப் பலகையில் இருந்த அப்துல் கபூர் மேலே பார்த்தார். "சேர், இது என்ட கடச் சீலதான். ஆனா இதில என்னமோ இரிக்கி" என்றார். நனைந்த துணி மங்கிக்கொண்டு வர, கஞ்சி கீறிய கோடுகள் மட்டும் வெள்ளையாக எழும்பின. முதலில் ஒரு சைக்கிள். பிறகு அதில் இருந்த பிள்ளை, முன்பல் இல்லாமல் சிரிக்கிறது. பக்கத்துத் துணியில் அதே பிள்ளை பள்ளிக்கூட உடுப்பில். அடுத்ததில் இரட்டைப் பின்னலோடு. "இஞ்சேருங்க, இது நம்மட தனு!" என்று மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பறை நின்றது. அழுதவர்கள் அழுகையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒருவரும் கொட்டாவி விடாமல் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். எல்லோருடைய பையிலும் போன் இருந்தது, ஒருவருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. இர்ஷாத் மட்டும் ஒன்று எடுத்தான், அதில் கிராம சேவகரின் வழுக்கை மாத்திரம் விழுந்திருக்கிறது.

ஒவ்வொரு படத்தின் கீழும் எழுத்து இருந்தது. அண்ணாந்து வாசித்ததில் ஒன்றுதான் எனக்கு முழுதாக மனதில் நின்றது:

நீ அறைந்து சாத்திய கதவை
இன்னும் திறக்கவில்லை மகளே
திறந்தால் அந்தச் சத்தமும்
போய்விடும்

அவ்வளவுதான். கஞ்சி கரைந்தது. உன் சைக்கிளும் பின்னலும் சொட்டுச் சொட்டாக எங்கள் தலையில் விழுந்தன. கிராம சேவகரின் கறுப்புக் காற்சட்டை முழுவதும் சுண்ணாம்பு. கால் மணித்தியாலத்தில் அது வெறும் துணியாகிவிட்டது. நான் ஏணி தேடி ஓடினேன், ஏணியோடு பந்தல்காரன் எங்கோ மழைக்கு ஒதுங்கிவிட்டான். ஏறி என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. பிறகு மழை விட்டது, தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

ஆகவே மருமகளே, அறியாமையால் நேர்ந்த இப்பிழைக்கு நான் ஒருவனே பொறுப்பு என்பதை இத்தால் ஏற்றுக்கொள்கிறேன். எனக்குக் கலை தெரியாது, துணி மட்டும் தெரியும். அப்பா உனக்குச் சொன்னதை மழைக்குக் கொடுத்துவிட்டேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் குரல் பதிவிலேயே திட்டு, மாமி அடுப்படியில் இருக்கும்போது கேட்கிறேன்.

மாமாங்கப் பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். சுவிஸ் குளிருக்குக் காதை மூடிக் கட்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நன்மையை என்றும் விரும்பும் மாமா,
க. கனகசிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டியாயிற்று. "எல்லாத்தையும் எழுதினீங்களா?" என்று மாமி கேட்டாள். பிரித்துவிட்டேன். அறியாமல் செய்தேன் என்று மேலே எழுதியது பொய். பெட்டியில் துணிகளுக்கு மேலே ஒரு காகிதம் இருந்தது. "மச்சான், இது பன்னிரண்டும் என்ட செத்த வீட்டு வெள்ள. கட்டுங்க, விரிங்க, போர்த்துங்க, ஒண்டையும் மிச்சம் வைக்காதீங்க. தனு வருவா. அவ கீழ நிண்டு மேல பாக்கக்குள்ள தண்ணிய அடிங்க. அவ பாத்த பிறகு அழிஞ்சா காரியமில்ல." உன் வதிவிட அனுமதிக் காட் இன்னும் கிடைக்கவில்லை, சுவிசை விட்டு நீ அசைய முடியாது என்பது அவருக்குத் தெரியாது. யார் சொல்வது, நீங்கள் இருவரும்தான் பேசவில்லையே. அவர் உன் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்றுதான், பழியை நானே எடுத்துக்கொண்டு, கச்சேரியில் கோவையைக் கட்டி மூடுவதுபோல விடயத்தை மூடப் பார்த்தேன். மற்றது, முகட்டில் கட்டியது எட்டல்ல, ஏழு. எழுத்து மூலம் தந்த உத்தரவை நான் மீறியது என் ஆயுளில் அந்த ஒரு தரம்தான். எட்டாவது துணி அலுமாரியில், மூன்று பொலித்தீன் சுற்றி இருக்கிறது. அதில் என்ன கீறியிருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. தபாலில் அனுப்ப மாட்டேன், கேட்காதே. காட் கிடைத்ததும் வா. நீ கீழே நில், வாளியோடு நான் ஏணியில் ஏறுகிறேன்.