படம் முடிந்த பிறகு பேசிய பெரியப்பா

கம்ப்யூட்டரை அரைகுறையாகப் படித்தவனிடம் சொந்தக்காரர்கள் எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது. அவனாகவே வந்து கேட்டால் வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. நான் நானாகவே போனவன்.

பெரியப்பாவின் முதல் வருஷத் திதி நெருங்கியது. அவர் குரல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான்: அவர் மகள் மல்லிகா அக்காவின் கல்யாண சி.டி.யில், பந்திக் காட்சியில். மற்ற இடமெல்லாம் ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். அதில் ஏதாவது செய்து தரட்டுமா என்று நானே போய்க் கேட்டேன்.

"கல்யாணம் முழுசும் பார்க்க எனக்குத் தெம்பில்லடா பாலாஜி. அவர் பேசற அந்தக் கொஞ்சத்த மட்டும் தனியா எடுத்துக் குடேன்" என்றார் பெரியம்மா.

"இதெல்லாம் ஜுஜுபி பெரியம்மா" என்றேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.)

சி.டி.யில் படத்தை இடம் அடைக்காதபடி சுருக்கி வைத்திருப்பார்கள். அப்படியே வெட்டி ஒட்ட முடியாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொள்கிற மாதிரி விரித்து மாற்ற வேண்டும். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு பகல் முழுக்க முக்கி முனகி அதைச் செய்தது. இடம் போதாமல் தங்கையின் காலேஜ் ப்ராஜெக்டை வேறு அழித்தேன். (அது தனி வழக்கு.) மாற்றிய படத்தின் ஆரம்பத்தைப் போட்டுப் பார்த்தேன். பெரியப்பா சாம்பார் வாளியோடு வந்து "வாங்க, வாங்க" என்றார். உதடும் குரலும் கச்சிதம். மேலே பார்க்கவில்லை. வல்லுநர்கள் முழுதும் பார்ப்பதில்லை என்று எனக்கொரு எண்ணம்.

திதியன்று கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். "இன்னா சார், பொட்டி இம்மாங் கனமா கீது. உள்ள ஆள் எதுனா கீறானா?" என்று சிரித்தார் டிரைவர். பொழிச்சலூரில் பெரியம்மா வீடு வரும் வரை எனக்கு அது நகைச்சுவையாகத்தான் பட்டது.

படையல் முடிந்து, இலை போடுவதற்கு முன், கூடத்து ஜன்னல்களைச் சாத்தினோம். நண்பகலிலேயே இருட்டு. ஊதுபத்திப் புகை நகராமல் நின்றது. டி.வி.யில் இணைத்து ஓட்டினேன். "வாங்க, வாங்க." பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் தலைக்கு மேல் விமானம் போனால் எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார்கள். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. படத்திலும் திடீரென்று பந்தி மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. ஆனால் விமானச் சத்தம் இல்லை. கையில் சோற்றோடு அத்தனை பேரும் எதற்கோ காத்திருந்தார்கள். அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்த பிறகுதான் அந்த இரைச்சல் வந்தது. விரித்ததில் படமும் குரலும் பிரிந்துவிட்டன. போகப் போகக் குரல் பின்தங்கிக்கொண்டே வந்தது.

அக்காவின் மாமியார் திரையில் தோன்றினார். நெக்லஸைச் சரிசெய்தபடி வாயைத் திறந்து, பெரியப்பாவின் கட்டைக் குரலில், "டேய், சாம்பார் அடி பிடிக்குது பார்றா!" என்றார். கூடத்தில் நிஜமாக உட்கார்ந்திருந்த மாமியார் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து ஒரு கைக்குழந்தை கொட்டாவி விட்டது. "மோர் எங்கய்யா?" என்றது, அதே குரலில். யாரோ முருகா முருகா என்றார்கள்.

"நிறுத்தித் தொலைடா!" என்று அப்பா கத்தினார். அவசரமாகப் பிடித்து இழுத்ததில் மவுஸ் கட்டிலுக்கடியில் விழுந்துவிட்டது.

அதற்குள் படமே முடிந்து திரை கறுப்பானது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து பெரியப்பா, பக்கத்தில் நின்று கேட்பதுபோலக் கேட்டார்:

"கமலா, நீ சாப்டியா?"

கமலா பெரியம்மாவின் பெயர்.

"இன்னும் இல்லீங்க" என்றார் பெரியம்மா.

எழுந்துபோய், யாருக்கும் காத்திருக்காமல், தானே இலை போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். அம்மா வயிறாரச் சாப்பிட்டு மாதக்கணக்காகிறது என்று அக்கா பிறகு சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நானும்தான்.

அவமானம் தாங்காமல், குரலும் உதடும் பொருந்தும்படி சரிசெய்து வேறொரு சி.டி. கொண்டுபோனேன். பெரியம்மா ஒருமுறை பார்த்தார். "இதுல படம் நின்னா அவரும் நின்னுடறாரு. அந்தப் பழசையே போடுடா" என்றார்.

வருஷா வருஷம் இன்றும் அந்தக் கோளாறுப் படம்தான் ஓடுகிறது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறார். நான் தாமதமாகப் போனால், "பாலாஜி வந்துட்டான், குரல்தான் இன்னும் வரல" என்கிறார்கள். திரை கறுக்கும்போது மட்டும் கூடம் அடங்கிவிடும். பெரியம்மா பதில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு இலை.