இரண்டு பேருக்கு வாங்கிய குவாலி

இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு வார்த்தைதான் வரும். அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால் அறுபது பேருக்குச் சோறு போட்டவன் நான்.

என் மனைவி இறந்தபின் மகள் கவிதா கோலாலம்பூரில் என் தங்கை வீட்டில் வளர்ந்து, அங்கேயே வேலைக்கும் போய்விட்டாள். நான் ஈப்போவில் ஓர் அடுக்குமாடியில், நான்காவது மாடியில், தனி ஆள். வருடத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி வருவாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்காருவோம். நல்லா இருக்கியா என்பேன். இருக்கேம்பா என்பாள். பிறகு இருவரும் கோழிக்கறியைப் பாராட்டுவோம். இலையை மடித்தால் சந்திப்பு முடிந்தது. என் வீட்டுப் படியை அவள் மிதித்ததே இல்லை.

ஒருநாள் போனில் எப்படியோ வாயில் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வா, கடைக் கறி மாதிரியே சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எத்தனையாவது மாடி என்று கேட்டாள். பிறகு, "சரிப்பா" என்றாள்.

என்னிடம் இருந்ததோ மீ நூடுல்ஸ் அவிக்கும் ஓர் அலுமினியச் சட்டி, பிடி ஆடும் ஒரு தோசைக்கல். (தோசை ஊற்றத் தெரியாது. முட்டை பொரிக்கத்தான்.) விவரம் கேட்பதற்காக அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று நாள் போய், மூன்று நாளும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் சமையல்காரரே இரக்கப்பட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். மெல்லிய சட்டியில் வெங்காயம் வதங்குமுன் கருகிவிடும், எண்ணெய் பிரியும்வரை மசாலாவை வதக்கக் கனமான இரும்புக் குவாலி வேண்டும் என்றார். அடுப்பிலிருந்த தன்னுடையதைக் கரண்டியால் தட்டிக் காட்டினார். வாணலிதான், ஆனால் அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். அவர் கனத்தைத்தான் காட்டினார். நான் அளவையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

பாத்திரக் கடை அக்கா எத்தனை பேருக்கு என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் தனியாக இருப்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும் போலிருந்தது. கையால் அகலம் காட்டினேன். வெட்கப்படுகிறவன் கை கொஞ்சம் அதிகமாகவே விரியும். படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. குவாலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறினேன். மூன்றாவது மாடி ராஜம்மா அக்கா கதவைத் திறந்தார். நான்கு வருடமாக எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான்.

"எப்ப அண்ணே?"

"ஞாயித்துக்கிழம."

"யாருக்கு?"

"மகளுக்கு."

இரண்டும் உண்மை. அந்தக் கட்டடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சும் அதுதான். களைத்துப்போய் மேலே வந்துவிட்டேன்.

ரப்பர் தோட்டத்து வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்குப் பெரிய குவாலி போனால் அங்கே விசேஷம். பெண்கள் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். தங்கள் கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வெங்காயம் அரியப் போய்விடுவார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, எங்களை டவுனுக்கு அனுப்பி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கத்தியும் பலகையும் எங்களோடு வந்துவிட்டன என்பது ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தால் ராஜம்மா அக்காவும் அவருக்குப் பின்னால் எட்டுப் பெண்களும். கீழே அக்காவின் வீட்டுக்காரர் பெரிய கேஸ் அடுப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். என் மேசையில் நான்கு வெங்காயமும் ஒரு கோழியும் இருந்தன. அக்கா கோழியைப் பார்த்தார், குவாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அருமையான சமயம். "மத்த கோழி வருது" என்று சொல்லிவிட்டுப் பசாருக்கு ஓடினேன்.

பன்னிரண்டு கோழியோடு திரும்பியபோது, குவாலியைப் பழக்காமலே வைத்திருந்ததற்குப் பாட்டு விழுந்தது. புது இரும்பில் துருவிய தேங்காயைக் கருகக் கருக வறுத்துக் கொட்டாவிட்டால் கறி மை மாதிரி கறுத்துவிடுமாம். அதற்கும் அவர்களே தேங்காய் கொண்டுவந்திருந்தார்கள்.

மதியம் கவிதா வாடகைக் காரிலிருந்து இறங்கினாள். கீழே வரிசையாக நாற்காலிகள். ஒரு பெண் அவள் தலையில் பூ வைத்தாள். இன்னொருத்தி, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை காரில் வருகிறார்கள் என்று விசாரித்தாள். கவிதா என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள். முகம் சிவந்திருந்தது. இனி இவள் இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"அப்பா, எனக்கு யார மாப்பிள்ளை பாத்திருக்கீங்க?"

"யாருமில்லம்மா. உனக்கும் எனக்கும் கறி வைக்கத்தான் வாங்கினேன். கொஞ்சம் பெருசாப் போச்சு."

துடுப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளே எழுந்து போய்க் கூட்டத்தில் உண்மையைச் சொன்னாள். வெங்காயம் அரிந்த கைகள் எல்லாம் நின்றன. ராஜம்மா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேருக்குன்னு சொல்லியிருந்தா நானே சட்டி குடுத்திருப்பேன்லா அண்ணே."

கறி கடைக் கறி மாதிரியே இருந்ததாம். சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். நானும் கவிதாவும் பரிமாறிக்கொண்டே இருந்ததில் சேர்ந்து உட்காரவே இல்லை. வீட்டுக்குள் அவள் வந்தது கை கழுவ மட்டும். மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

இப்போது இங்கே எனக்குக் 'குவாலி அண்ணே' என்று பெயர். காதுகுத்து, பதினாறாம் நாள், எதுவானாலும் இரவல் கேட்டு வருகிறார்கள். கவிதா வேலை இடத்திலும் தங்கை வீட்டிலும், இல்லாத மாப்பிள்ளைக்குத் தான் பூ வைத்துக்கொண்ட கதையை நடித்தே காட்டுகிறாளாம்.

அடுத்த முறை வீட்டுக்கே வந்தபோது பையிலிருந்து ஒரு சின்ன இரும்புச் சட்டியை எடுத்தாள். தேங்காய் வறுத்துப் பழக்கியே கொண்டுவந்திருந்தாள். இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது. போகும்போது, "இது இங்கேயே இருக்கட்டும்பா" என்றாள்.

மற்ற நாட்களிலும் அதில்தான் சமைக்கிறேன். பாதி மிஞ்சிவிடுகிறது.