ஒரே ஒரு வாய்

மனிதர்களில் ‘ஒரு வாய்’ இனம் என்று ஒன்று உண்டு. யாராவது பத்தியம் இருப்பதாகக் காதில் விழுந்தால் போதும், தட்டும் கையுமாக வந்து நின்றுவிடும். ‘ஒரே ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்?’ என்பது அதன் கூவல். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று பிள்ளை பெற்றிருந்தால் போதாதா?

அந்தத் தையல்கூடத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி, துணி வெட்டும் அக்கா. அவளிடம் மாட்டியவள், சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண். தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாதம். கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொன்ன டாக்டரம்மா, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, சாப்பிட்ட பிறகு நடக்கச் சொல்லி, ரத்தம் சோதிக்க ஒரு குட்டி மிஷினையும் வாங்க வைத்திருந்தாள். விரலில் ஊசி ஏறுவது காஜாக்காரிக்குப் புதிதா என்ன?

அக்கா சும்மா இருப்பாளா? திங்கட்கிழமை, “சர்க்கரையா? அரைவயிறு சாப்பிடு, ஓடிப்போயிடும்” என்றாள். செவ்வாய்க்கிழமை, “பாவி, ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டாமா?” என்றாள். புதன்கிழமை, பெரிய டம்ளர் நிறைய ஆரஞ்சு ஜூஸ் வந்தது.

“வேண்டாம்க்கா. டாக்டர் திட்டுவாங்க.”

“பழத்துல இருக்கிறது சர்க்கரையாடி? அது இயற்கை!” டம்ளரை இன்னும் கிட்டே நீட்டினாள். “என் கையால கொடுத்தா இறங்காது. அப்படித்தானே?”

எட்டுத் தையல் மிஷினும் நின்றன. எட்டு ஜோடிக் கண்களும் காஜாக்காரியையே பார்த்தன. குடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, குட்டி மிஷினில் நூற்றுத் தொண்ணூறு. நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது. கையை நன்றாகக் கழுவி, வேறு விரலைக் குத்தினாள். மிஷினுக்கு ஏது முகதாட்சண்யம்? நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வியாழக்கிழமை கேக். அன்றைய எண்ணைச் சொல்லாமல் விடுகிறேன்.

மறுநாள் டாக்டரம்மா, அவள் எண்களை எழுதிவைத்திருந்த நோட்டைப் புரட்டினாள். “மத்த நாளெல்லாம் ஒழுங்கா இருக்கு. இந்த ரெண்டு நாள் மட்டும் ஏன் எகிறுது?”

“அக்கா மனசு நோகக் கூடாதுன்னு…”

“குழந்தை அளவுக்கு மீறி வளர்ந்துட்டா, பிரசவத்துல நோகப்போறது அக்காவுக்கு இல்லம்மா. பிறந்ததும் அதுக்குத் திடீர்னு சர்க்கரை இறங்கும். தேவைப்பட்டா இன்சுலின் போடுவோம், அதுல தப்பே இல்ல. அடுத்தவங்க மனசுக்காகப் போட வேண்டாம்.”

பஸ்ஸில் வயிற்றின் மேல் கையை வைத்தபடி வந்தாள். உள்ளே ஓர் உதை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மறுபடியும் கேக்.

“வேண்டாம்க்கா” என்றாள். இந்த முறை குரலில் குழைவில்லை.

“நான் மூணு பேரையும் இனிப்புத் தின்னுட்டுத்தான் பெத்தேன். இன்னிக்கும் தின்னுறேன். எனக்கு என்ன வந்துச்சு?”

“சோதிச்சுப் பார்த்திருக்கீங்களா?”

“எதுக்குப் பார்க்கணும்?”

“விரலைக் கொடுங்க.”

புது ஊசி. ஒரு சொட்டு. இருநூற்று எண்பத்து நான்கு.

“உன் மிஷின் கெட்டுப்போச்சு” என்றாள் அக்கா.

காஜாக்காரி ஊசியை மாற்றித் தன் விரலைக் குத்திக் காட்டினாள். நூற்றெட்டு. “நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. நானும் கூட வர்றேன்.”

போனார்கள். அக்காவுக்கு மாத்திரை. காஜாக்காரிக்கு, நாள் நிறைந்து, அளவான எடையில் ஒரு பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். பிறகு செய்த சோதனையில் தாய்க்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தையை முதலில் மடியில் வாங்கிக்கொண்டது யார் என்கிறீர்கள்? அக்காதான். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: “நான் கண்டிப்பா இருந்தேன், அதனாலதான் பிள்ளை நல்லபடியா பிறந்துச்சு.”

படிக்கும்போதே உங்கள் சின்னம்மாவோ எதிர்வீட்டுக்காரரோ நினைவுக்கு வந்திருப்பார்கள். இதை அவர்களிடம் காட்டலாம் என்றும் தோன்றியிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் படித்துவிட்டு, ‘இந்த அக்கா யாரென்று தெரிகிறது’ என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வீர்கள்?