கடைமடைக் குருவிக்கு ஒரு பிடி தினை

குருவி ஓவர்சியரைப் போல ஒரு கோபக்காரர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்ததில்லை. அவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தவன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் விஷயம் அந்தக் கால ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைத் தெரிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்.

யுத்த காலம் அது. திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருந்தேன். அங்கே வீடுகள் எல்லாம் ரயில் வண்டி மாதிரி நீளமாகப் போய்க் கொல்லையில் முடியும். கொல்லைக்குக் கொல்லை ஒரு குட்டை மதில். எனக்கு அடுத்த வீடு ஓவர்சியருடையது. அவருக்கு அந்தப் பக்கம் கோமளம் மாமி வீடு. நடுக்கொல்லையிலிருந்து அவர் போடும் சத்தம் இரண்டு பக்கமும் சமமாகப் பாயும்.

சமமாகப் பாய்ச்சுவதுதான் அவர் உத்தியோகமே. முக்கொம்பில் மதகுகளை மேற்பார்த்து ரிட்டயரானவர். ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? கொல்லையில் பறவைகளுக்குத் தானியம் பங்கிட ஆரம்பித்துவிட்டது. கார்த்திகை பிறந்தால் போதும், காக்கித் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"வயல்ல சம்பா இன்னும் முத்தலை. பனியில பூச்சி பொட்டு கிடையாது. தை அறுப்பு வரைக்கும் அதுகளுக்குப் பஞ்சம் ஓய்! மனுஷனுக்குப் பஞ்சம் வந்தா கஞ்சித்தொட்டி திறக்கறான். குருவிக்கு எவன் திறக்கறான்?" என்று என்னைப் பார்த்து உறுமுவார். திறக்காதது என் குற்றம் என்பது போலிருக்கும்.

அவர் கொல்லையில் பல உயரங்களில் பலகைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் அடித்திருந்தார். பலகை சாய்ந்திருந்தால் தானியம் ஒரு பக்கம் உருண்டுவிடும், பலமுள்ளது அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பது அவர் வாதம். தாழ்ந்த பலகையில் தினையும் சாமையும்; அவை தினைக்குருவிக்கு. அதற்கு மேல் நொய், சிட்டுக்குருவிக்கு. அகலமான பலகையில் சோளம், புறாவுக்கு. கிளிகளுக்குக் கொடியில் கம்பங்கதிர் தொங்கும். மைனா வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அது தானியம் தொடாது. நம்ம டிபார்ட்மென்ட் இல்லை ஓய்."

காக்கையைக் கண்டால் ஆகாது. "தலைமடையில நின்னுண்டு மொத்தத் தண்ணியையும் வாரிக்கற மிராசுதார்!" என்று கம்போடு பாய்வார். "கடைமடைக்குப் போய்ச் சேரணும் ஓய். ஓரத்துல நிக்கறது பாரும், ஒத்தைக்கால் குருவி, அதுக்கு ஒரு மணி போகலைன்னா நான் என்ன ஓவர்சியர்?"

பறவைகள் இந்தச் சட்டதிட்டங்களை மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கிளி புறாப் பலகையில் உட்கார்ந்து சோளத்தைக் கடிக்கும். புறா இறங்கி வந்து குருவியின் நொய்யைப் பொறுக்கும். அவர் கீழே நின்றுகொண்டு கிளியோடு நியாயம் பேசுவார். "உனக்குன்னு கதிர் கட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா? இவன் பங்கை நீ தின்னா இவன் எங்கே போவான்? மானம் வேண்டாம்?" கிளி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, இன்னொரு மணியை எடுக்கும்.

தானியம் வாங்கத் திருச்சி மண்டிக்குப் போனாலும் யுத்தம்தான். உள்ளங்கையில் தினையை வைத்து ஊதுவார். உமி பறந்தால் கத்துவார். மண்டிக்காரர் ராவுத்தர் பொறுமைசாலி. "ஓவர்சியர் வந்துட்டுப் போனா என் கடையில பாதித் தூசி போயிடுதுங்க. கூட்டுற ஆளுக்குக் கூலி மிச்சம்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மார்கழியில் இவர் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. விடியற்காலையில் வீதி முழுவதும் பெண்கள் கோலம் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். இவர் வாசல் வாசலாகக் குனிந்து, கோலத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். அரிசி மாவாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்வார். கல்மாவாக இருந்தால் துப்பிவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். "யாரை ஏமாத்தறேள்? எறும்பையா, குருவியையா, பெருமாளையா?" அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் கோலத்துக்கு யார் அரிசி அரைப்பார்கள்? வீதியே அவரைத் திட்டியது.

ஆனால் நிஜமான யுத்தம் கனுவன்றைக்குத்தான். பொங்கலுக்கு மறுநாள் காலை, குளிப்பதற்கு முன்னால், பெண்கள் மஞ்சள் இலையில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாகச் சாத உருண்டைகளை வைப்பார்கள். கூடப்பிறந்தவர்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பறவைகளுக்கு வைப்பது. கோமளம் மாமி இலையோடு கொல்லைக்கு வந்ததும் ஓவர்சியர் மதிலுக்கு மேல் தலையை நீட்டுவார்.

"சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாக்கறேளே, அதுகள் தொண்டை என்னத்துக்கு ஆகும்? தொட்டுப் பார்க்குமா ஒரு குருவி? காக்காதான் வரும்!"

"உங்க குருவிக்கா வைக்கறேன்? என் தம்பிக்கு வைக்கறேன். நீங்க உங்க சோளத்தைப் பார்த்துண்டு போங்கோ!"

மாமிக்கு ஒரே தம்பி. ரங்கூனில் வேலை. ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை.

இனி என் கதை. அந்த மார்கழியில் என் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சீனியர் வாத்தியார் வேலையை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வறுத்த உப்புக் கடலையைக் கொறித்துக்கொண்டே பேசினோம். ஓர் அணில் வந்தது. நான் பெருந்தன்மையாக இரண்டு கடலையை வீசினேன். அதற்கு முன் ஒரு குருவி வந்து கொத்தியது. மதிலுக்கு மேல் காக்கித் தொப்பி எழுந்தது.

"உப்புக் கடலையா ஓய் போட்டீர்? குருவிக்கு உப்பா? இதுகூடத் தெரியாத நீர் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கறீர்?"

தலைமையாசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதற்கும் கடலைக்கும் சம்பந்தமே இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சில நாள் கழித்து ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கிடைத்தது மக்கல் நாற்றம் அடித்த அரிசி. வரிசையைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். புத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிற நல்ல மனிதர். அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "இங்கே ஜனங்கள் நொய்க்கு நிற்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் டின் டின்னாகத் தானியம் இருக்கிறது. குருவிக்குப் போகிறது." பொதுஜன நன்மைக்காகப் பேசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குத் தன் பொறாமைக்கு நல்ல சட்டை தைத்துப் போடத் தெரியும். இதை எழுதும்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு ஓவர்சியர் கொல்லைக்கு வந்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. தகவல் வந்திருக்கு, எடுத்துட்டுப் போய்த்தான் ஆகணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓவர்சியர் தாமே டின்களை எடுத்துக் கொடுத்தார். ஆட்கள் ஒவ்வொன்றாக ஒரே சாக்கில் கவிழ்த்தார்கள். அப்போதுதான் வீதியே கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது.

"கொண்டு போங்கோ! ஜெயில்லகூடப் போடுங்கோ! கலக்கச் சொல்லி யார் சொன்னா? தினை வேற, சாமை வேற! இதைப் பிரிக்க உங்க அப்பனா வருவான்?"

"எல்லாம் தானியந்தானுங்களே" என்றார் இன்ஸ்பெக்டர், பாவம்.

"நாமெல்லாம் மனுஷாள்தானே, நீர் என் ஆத்துக்காரியோட புடவையைக் கட்டிக்கறீரா?"

சாக்கு போயிற்று. யார் சொன்னது என்ற கேள்வி மிஞ்சியது. ஓவர்சியர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நேராக மாமியின் மதிலண்டை போனார். "திருப்திதானே? கனுவுக்குப் பழிவாங்கியாச்சோன்னோ?" மாமி விழித்தாள். "என்ன சொல்றேள்? பெருமாள் சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது." "காட்டிக்கொடுத்தவா சத்தியம் பண்றதுக்குப் பெருமாளையும் இழுக்கணுமா?"

நான் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன். காட்டிக்கொடுத்ததைக்கூட ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். அந்தப் பக்கத்தைப் புரட்டியதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மிச்ச மார்கழி முழுவதும் மாமிதான் காட்டிக்கொடுத்தாள் என்ற பேச்சு வீதியில் உலாவியது. மாமி கோயிலுக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஓவர்சியர் தன் ரேஷன் அரிசியிலிருந்தே பலகைக்கு நொய் எடுத்து வைத்தார். இடுப்பு வேஷ்டி தளர்ந்தது. கத்துவது குறையவில்லை. "தானியம் எங்கேன்னு என்னைக் கேக்காதே, அந்தாத்து மாமியைக் கேளு!" என்று தினைக்குருவியிடம் சொல்வார். நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

கனு வந்தது. மாமி இலையோடு வந்து, மதிலோரம் வைத்துவிட்டுக் கைகூப்பினாள். ஓவர்சியர் தலையை நீட்டினார். இந்தத் தடவை சுண்ணாம்பைப் பற்றிப் பேசவில்லை.

"காட்டிக்கொடுத்த கை வைக்கற சாதம். எந்தப் பறவையும் தொடாது."

மாமி குனிந்து இலையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். ஒரு சிவப்பு உருண்டை இலையிலிருந்து கீழே விழுந்தது.

நான் எப்படி மதில் ஏறினேன் என்று தெரியாது. சரித்திர வாத்தியார் வேஷ்டி கிழிய, நேராகப் புறாப் பலகையின் மேல் போய் விழுந்தேன். பலகை இரண்டாக முறிந்தது.

"ஐயோ, புறாப் பலகை!" என்று அலறினார் ஓவர்சியர்.

"மாமா, சொன்னது மாமி இல்லை. நான்."

"எதை?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட. நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். முறிந்த பலகையைப் பார்த்தார். "உப்புக் கடலைக்காகவா?"

"ஆமாம்."

வசவுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் மதிலண்டை போய், நான் அதுவரை கேட்டிராத குரலில் கூப்பிட்டார். "மாமி, இலையைக் கொண்டாங்கோ."

"வேண்டாம். காட்டிக்கொடுத்த கைன்னேளே."

"சொன்ன வாயில மண்ணைப் போட்டுக்கறேன். வீதி பூரா வாசல் வாசலா நின்னும் சொல்றேன். இலையைக் கொண்டாங்கோ, பொழுது ஏறிடும்."

"சுண்ணாம்பு கலந்த சாதம்."

"இருக்கட்டும்."

"காக்காதான் வரும்."

"வரட்டும்."

தன் மேல்துண்டால் குருவிகளின் நொய்ப் பலகையைத் துடைத்து இலையை வாங்கி வைத்தார். காக்கைகள் வந்தன. கம்பை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மிராசுதார்கள் தின்று முடிக்கிறவரை நின்றார். சொன்னபடி அன்றைக்கே வாசல் வாசலாகப் போய்ச் சொல்லவும் செய்தார். என் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் நேரே ராவுத்தரைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னோடு வந்து இன்ஸ்பெக்டரிடம், "அது என் மண்டியில கூட்டி அள்ளுன கூளமுங்க. மாடுகூடத் திங்காது" என்றார். சாக்கு திரும்பி வந்தது. என் மனைவியும் நானும் சல்லடையும் முறமுமாக உட்கார்ந்து தினை, சாமை, சோளம் என்று பிரித்தோம். புறாப் பலகையை நானே ஆணி அடித்து வைத்தேன். அவர் வந்து பார்த்தார். "ரொம்ப உபகாரம் மாஸ்டர். உங்களுக்கு வீண் சிரமம்" என்றார். நான் நகர்ந்ததும் ரசமட்டத்தை எடுத்துவந்து மறுபடி அடித்தார்.

அதுதான் தண்டனை. மாமியோடு மறுநாளே சண்டை ஆரம்பமாகிவிட்டது, கொல்லை கலகலத்தது. என்னிடம் மட்டும் மரியாதை. "வாங்கோ மாஸ்டர், உக்காருங்கோ மாஸ்டர்." கோபக்காரர் ஒருவர் நம்மிடம் கோபப்படுவதை நிறுத்திக்கொண்டால், அவர் கணக்கில் நாம் செத்துப்போனோம் என்று அர்த்தம்.

கோடையில் எனக்கு முசிறிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாயிற்று. விடைபெறப் போனபோது வாசல்வரை வந்து கைகூப்பினார்.

அடுத்த மார்கழியில் ஒருநாள் காலை முசிறி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. காக்கித் தொப்பி. சந்தைக்குச் சாமை வாங்க வந்தாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாராம். சாமை திருச்சியில் கிடைக்காததா என்று நான் கேட்கவில்லை. "காப்பி கலக்கச் சொல்றேன், உட்காருங்கோ மாமா" என்றேன். அவர் உட்காரவில்லை. நேரே கொல்லைக்குப் போனார். வாழைக்கு நடுவில் நான் கட்டியிருந்த ஒரு பலகையில் சிட்டுக்குருவிகள் தின்றுகொண்டிருந்தன. அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"எந்த மடையன் ஓய் வாழைமரத்தை ஒட்டிப் பலகை கட்டினது? பூனை ஏணி வெச்சா ஏறணும்? மட்டையைப் பிடிச்சுண்டு ஒரே தாவா தாவாது? உம்மை நம்பி வரதே, அதுக்கு உயிர் இல்லையா? படிச்சவராம் படிச்சவர்! அவிழ்த்துப் போடும் அதை!"

என் மனைவி பயந்துபோய்க் காப்பித் தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவர் தொடர்ந்து திட்டினார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பலகையின் கயிற்று முடிச்சை என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக அவிழ்த்தேன்.