தொடாதே சேட்டனும் என் கைகளும்

கொச்சி மட்டாஞ்சேரியில் தொடாதே சேட்டனிடம் திட்டு வாங்காதது படகுத்துறை ஒன்றுதான். அதுவும் தள்ளி இருந்ததால் தப்பித்தது.

சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில், பழைய சினிமா பிலிமை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் அறை அவருடையது. உள்ளே எதை நெருங்கினாலும் மலையாளத்தில் ‘தொடாதே’ என்று ஒரு சீட்டு. மெஷினில், சிவப்பு பட்டனில், மின்விசிறியில், சாயா பிளாஸ்கில். தமிழ்க் குடும்பம்தான், கோபம் மட்டும் மலையாளத்தில் வரும். காலிங் பெல்லிலும் சீட்டு இருந்ததால் வாசலில் நின்று கைதட்டினேன்.

நான் இந்த மாதிரி பிலிம் மெஷின்களோடே வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்ஜினியர். விதிமுறை தெரியாமல் எதிலும் கை வைத்ததில்லை; தெரிந்துகொண்ட பிறகு வாயை மூடியதுமில்லை. திருப்பூணித்துறையிலிருந்து பஸ் மாறி வந்தது அவருடைய புது ரீடருக்காக. நெகடிவின் ஓரத்தில், கடைச் சாமானில் இருப்பதுபோல, எண்ணும் கோடுகளும் பதிந்திருக்கும். அதைப் படிப்பது ரீடர். அது படிக்கும் இடம் ஒன்று, மெஷின் படம் பிடிக்கும் இடம் சற்றுத் தள்ளி. அந்த இடைவெளியை இன்ஜினியரிங் செட்டிங்ஸில் போட வேண்டும்.

கீபோர்டை நோக்கிக் கை நீட்டினேன்.

“சாரே, தொடாதே! வாயால சொல்லுங்க. ஞான் அமுக்காம்.”

“எனக்கு இதுல எவ்வளவு அனுபவம் தெரியுமா?”

“அனுபவம் அங்க இருக்கட்டும். கை மடியில இருக்கட்டும்.”

இருந்தது. பிலிமின் அகலம், ஒரு படத்துக்கு எத்தனை துளை, இடைவெளி, அது கூட்டலா கழித்தலா என்று வரிசையாகச் சொன்னேன். பாஸ்வேர்டை மட்டும் நான் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு அமுக்கினார். அந்த பாஸ்வேர்டை அவருக்குச் சொன்னதே நான்தான்.

வேண்டாத பிலிம் சுருள் ஒன்றை, தொடக்கம் முன்னால் வரும்படி முறையாகச் சுற்றச் சொல்லி, ஓட்டிப் பார்த்தோம். எண்கள் பிசகவில்லை. “இதுதான் புரொசீஜர்” என்று தொடங்கி நான் ஆற்றிய உரையின் நடுவே சேட்டன் கொட்டாவி விட்டார்.

அதுவரை வாசலருகே காத்திருந்த பெண்மணியின் சுருள்தான் அடுத்தது. வெளிவராத ஒரு படத்தில் அவருடைய அப்பா ஒரு சாயாக் கடைக்குள் நுழைந்து சிரிப்பாராம். அவர் அசைந்து நடக்கும் படம் வேறு எதுவும் கிடையாது. நெகடிவ் காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு ஓட்டம்தான் தாங்கும். பெண்மணி எழுதிக் கொடுத்த எண்களுக்கு நடுவே மட்டும் மெஷின் பதிவு செய்யும். எண் தவறினால் சிரிப்பு போய்விடும்.

சேட்டன் ஓட்டினார். திரையில் எண்கள் ஓடுவதை ஒரு பரீட்சை அதிகாரியின் திருப்தியோடு பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

“சேட்டா, கடைசியிலிருந்தா ஓட்டுறீங்க?”

“எப்பவும் அப்படித்தானே? திருப்பிச் சுத்தினா அதுவும் ஒரு தொடல் அல்லே?”

நான் கேட்டிருக்க வேண்டும். உரை ஆற்றுவதில் மும்முரமாக இருந்தேன். பிலிம் தலைகீழாக ஓடினால் என் கூட்டல் கழித்தலாக வேண்டும்.

“நிறுத்துங்க!”

“நிறுத்தறேன். சார் சொன்ன புரொசீஜர்படி, மெதுவா வேகம் குறைச்சு...” வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என் விதிமுறையை மதித்த நேரம் அது.

அந்தப் பெண்மணியின் எண்கள் நெருங்கின. பாய்ந்து சிவப்பு பட்டனை அடித்தேன். பழைய பிலிமை ஒருபோதும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சர்வீஸ் முழுக்கப் பாடம் எடுத்தவன் நான். பிலிம் ஊஞ்சல்போலத் தொய்ந்து ஆடியது. அறுந்துவிடவில்லை. கீழே கிடங்கில் யாரோ தும்மினார்கள்.

“என்ன ஆச்சு?” என்றார் பெண்மணி.

“ஒண்ணுமில்ல மோளே. சார் தொட்டு.”

சேட்டன் கழித்தலைப் போட்டுவிட்டு மெல்ல ஓட்டினார். திரையில் அப்பா முதலில் முகம் நிறையச் சிரித்தார்; பிறகு பின்பக்கமாகவே நடந்து கடையை விட்டு வெளியே போனார்.

“அம்மா திட்டுறப்போ இப்படியேதான் நழுவுவார்” என்று மகள் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.

அடுத்த மாதம் போனேன். சிவப்பு பட்டனில் இப்போது இரண்டு சீட்டு. இரண்டாவது எனக்கென்றே தமிழில்: ‘சாரும்தான்.’

சாயா பிளாஸ்கில் இருந்த சீட்டை மட்டும் காணோம்.