முன்னால் வந்த டீப்பாய்

அன்றைக்கு எங்கள் தாராவி அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி பேச்சியம்மாள். மகள் கவிதா. அவளைப் பெண் பார்க்க செம்பூரிலிருந்து வந்த பையன். அவன் அம்மா. அவன் அப்பா. பிறகு டீப்பாய். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது கூட்டம்தான்.

எனக்குத் தோல் பைக்கு அளவெடுத்து வெட்டுகிற வேலை. அளவில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. (அதுவரைக்கும்.)

முன்னே வந்த இரண்டு வரன்களும் வீட்டைப் பார்த்துவிட்டு, "கோடவுன் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்றாள் கவிதா. சாமானை ஒளிக்க இடம் வேண்டும். உல்லாஸ்நகர் பர்னிச்சர் கடைக்கு, உள்ளே இடமுள்ள டீப்பாய் பார்க்கப் போனோம்.

கடைக்காரர் ஒன்றைத் தொட்டார். மேல்பலகை எழும்பியது. அடியில் பெரிய பெட்டி. நான் அதை மூடச் சொல்லி, டேப் எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தேன். எங்கள் சோபாவுக்கும் மச்சு ஏணிக்கும் நடுவில் கச்சிதமாக நிற்கும்.

"ஏங்க, தொறந்து வச்சு அளங்க. பலக எங்கன வருது?" என்றாள் பேச்சியம்மாள்.

"மேல வரும்."

"முன்னாலயும் வர்ற மாதிரி இருக்கே."

"நான் கட்டிங் மாஸ்டரா, நீ கட்டிங் மாஸ்டரா?"

அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. (அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை குக்கர், குடை, வெங்காயம், என் ஓட்டை பனியன்கள் எல்லாம் பெட்டிக்குள் போயின. நிரப்பும்போது சோபாவில் ஆள் இல்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

பையனின் அப்பா கனத்த மனிதர். சோபாவில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர். கவிதா டீ வைத்தாள். எடுக்கக் குனியச் சிரமப்பட்டார்.

"அண்ணாச்சி, நீங்க குனிய வேணாம். டீ உங்க கைக்கே வரும்" என்று பலகையைத் தூக்கினேன்.

வந்தது. கைக்கு அல்ல, வயிற்றுக்கு.

"யம்மா!" என்றார். டம்ளரைப் பையன் பிடித்துக்கொண்டான். நான் பலகையை அழுத்தினேன். வயிறு தடுத்தது. டீப்பாயைப் பின்னால் தள்ளினேன். ஏணி தடுத்தது.

பையனின் அம்மா எட்டி, திறந்த பெட்டிக்குள் பார்த்தார். வெங்காயத்துக்கு மேலே என் பனியன்.

கவிதா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, மூச்ச விட்டுட்டு வயித்த எக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

எக்கினார். பலகையை அறைந்து மூடினாள்.

"பொண்ணு பாக்க வந்தோமா, ஸ்கேன் எடுக்க வந்தோமா?" என்றார் மூச்சு வாங்கியபடி.

முதலில் சிரித்தவர் அவர் மனைவி. "எங்க வீட்ல இதெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்கு. இந்த டீப்பாய எங்க வாங்குனீங்க மதினி?"

பையன் கவிதாவையே பார்த்துக்கொண்டு ஆறிப்போன டீயைக் குடித்தான். மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது.

இப்போது அந்த அண்ணாச்சி என் சம்பந்தி. எப்போது வந்தாலும் வாசலிலேயே நிற்பார்.

"என்ன மாஸ்டர், அளந்தாச்சா?"

நான் டேப் எடுத்து, பலகையைத் திறந்து, அது முன்னால் வருகிற தூரத்தை அளந்து உரக்கச் சொல்ல வேண்டும். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று சரிபார்ப்பாள். அப்புறம்தான் உட்காருவார்.

பதினாறு இஞ்சு.