பின்னட்டை வாத்தியார்

நம் ஊர்ப் பள்ளிகளில் பின்னட்டை வாத்தியார் என்றோர் இனம் உண்டு. மயிலாப்பூர்க் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். இலக்கியம் என்றால் உயிரை விடுவார்கள். புத்தகத்தைப் பிரிக்க மட்டும் நேரம் கிடைக்காது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இவர் நூலகத்துக்குள் நுழைவார். ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்லி, ஒன்பதாம் வகுப்பு நான்-டீடெய்லுக்கு நாவல் தேர்ந்தெடுக்கிறேன் பேர்வழி என்று இருபது புத்தகங்களை மேஜையில் இறக்கச் செய்து, ஒவ்வொன்றையும் குப்புறப் போட்டு, பின்னட்டையை மட்டும் படித்து, நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டியதை எல்லாம் "கனம் ஜாஸ்தி" என்று தள்ளி, ஒரு காபி ஆறுவதற்குள் வருஷம் முழுதுக்குமான பாடத்திட்டத்தை எழுதிவிடுவார். இறக்கிய புத்தகங்களைத் திரும்ப அடுக்குவது யார்? நூலகர்தான்.

எங்கள் பள்ளியில் இவர் பெயர் ஸ்ரீனிவாசராகவன். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. நூலகர் அஃப்சருன்னிசா.

"முழுசா ஒரு தடவ படிச்சுட்டு முடிவு பண்ணுங்களேன் சார்" என்று அந்த அம்மாள் வருஷா வருஷம் சொல்வார்.

"படிக்காமலா? எனக்கு வரிக்கு வரி மனப்பாடம், தெரியுமோ" என்பார் இவர்.

தொண்ணூற்று நாலில் வம்பு வந்தது. அந்த வருஷத்து நாவலின் பின்னட்டையில் 'பிரிந்த தம்பதி கூடும் உருக்கமான கதை' என்று பதிப்பகத்தார் அச்சிட்டிருந்தார்கள். இவர் கொடுத்த நோட்ஸும் அதுவே. அரையாண்டுத் தேர்வில் 'நாயகி கணவனுடன் எவ்வாறு சேர்ந்தாள்?' என்று பத்து மார்க் கேள்வி. வகுப்பே நோட்ஸை ஒப்பித்து எட்டும் ஒன்பதும் வாங்கியது. மெஹக் என்ற பெண் மட்டும் 'அவள் சேரவில்லை, வேலை தேடிக்கொண்டு தனியே போய்விட்டாள்' என்று எழுதி சைபர் வாங்கினாள். அதில் தமிழே தவறிப்போயிற்று. கதைப் புத்தகம் படித்துப் படித்துத்தான் ஃபெயிலானாள் என்று வீட்டில் அவளுடைய நூலக அட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

அஃப்சருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளியிலேயே ஒரு புத்தகத்தை முழுசாகப் படிக்கிற ஒரே பெண் ஆயிற்றே. நாவலைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்தார்.

"கடைசி அத்தியாயம் சார். நீங்களே பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டாரா? நீங்கள் வேறு.

"இப்படித் தப்பான முடிவு இருக்கற புஸ்தகத்தையெல்லாம் லைப்ரரில வெச்சுண்டிருக்கேளே, கொழந்தைகள் கெட்டுப்போயிடாதா?"

"அப்ப மெஹக்கோட மார்க்கு?"

"அவளுக்குப் போட்டா மத்த நாப்பது பேருக்கும் கொறைக்கணும். ஆகற காரியமா?"

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். நான் திருத்தாத கட்டுரை நோட்டு ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். நானும் அந்த நாவலைப் படித்ததில்லை.

சைபர் சைபராகவே நின்றது. மறுநாளிலிருந்து அஃப்சருன்னிசா தன் பெயரில் எழுதிக்கொண்டு மெஹக்குக்குப் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் தலைப்பைப் பார்த்துவிட்டு நேராக இந்தப் பத்திக்கு வந்து, நாளைக்கு நாலு பேரிடம் "படிச்சேன், பிரமாதம்" என்று சொல்லப்போகிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரே கேள்வி: அந்தப் பெண்ணுக்கு ஏன் மார்க் போடவில்லை?